சிறிய வழியைத் தேடி நோர்மண்டியிலே

நம் நாட்டிலே கத்தோலிக்கர் வாழும் ஊர்களில், யாழ்ப்பாணமாயினும் மன்னாராயினும் மட்டக்களப்பாயினும், இல்லங்களின் செபமேடை அருகே ஓர் இளங் கன்னியாஸ்திரியின் படத்தை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். கபில நிற அங்கியும் வெண்ணிற மேற்போர்வையும் தரித்து, பாடுபட்ட சுரூபத்தையும் ரோசா மலர்களையும் மார்போடு அணைத்தபடி நிற்கும் அவரைச் சின்னத் திரேசம்மாள் என்றும் சிறுமலர் என்றும் வாஞ்சையோடு அழைக்கின்றோம். நம் பெண்மக்களுக்கு அவர் பெயரைச் சூட்டி மகிழ்கின்றோம். ஆயினும், அவர் செய்த பெருஞ்செயல் யாது என்று ஒருவர் வினவினால், விடை கூறுதல் எளிதன்று.

அவர் ஒரு சபையையும் நிறுவியவரல்லர். வைத்தியசாலையையோ பாடசாலையையோ கட்டியவரல்லர். வேதத்துக்காக இரத்தஞ் சிந்தியவருமல்லர். 15ஆம் வயதிலே மடத்துட் புகுந்து, 24ஆம் வயதிலே சயரோகத்தால் மரித்தவர். அவர் நோயுற்றுக் கிடந்த காலத்தில் அதே மடத்திலிருந்த சகோதரி ஒருவர், இவர் இறந்தபின் இவரைப் பற்றி எழுதுவதற்குத் தலைவியார் எதைத்தான் கண்டுபிடிப்பாரோ என்று ஐயுற்றாராம். உடன் வாழ்ந்தவருக்கே அவரிடத்தில் எழுதத்தக்கது ஒன்றும் தென்படவில்லை!

இந்த ஐயம் நம் ஒவ்வொருவரையும் தொடும் ஐயமாகும். விடியுமுன் அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கந்தோருக்கு ஓடி, மாலையிற் களைத்துத் திரும்பும் வாழ்விலே எழுதத்தக்கது யாது? புனிதம் என்பது குருமாருக்கும் கன்னியருக்கும் உரியது. நமக்கு ஞாயிற்றுப் பூசையும் இரவுச் செபமாலையும் போதும் என்று நாம் அமைதியடைந்து விடுகின்றோம். இந்த எண்ணம் சரியானதா? அதனை ஆராய்வதற்காக, பிரான்சு தேசத்தின் வடமேற்கே உள்ள நோர்மண்டியின் மூன்று ஊர்களுக்கு வாசகர்களை அழைத்துச் செல்ல விரும்புகின்றோம்.

ஊசியால் வாழ்ந்த ஊர்

பாரிஸ் மாநகரிலிருந்து லெ மான் என்னும் ஊர் சென்று, அங்கே புகையிரதம் மாறி வடக்கு நோக்கிப் பயணஞ் செய்தால் அலன்சோன் நகரை அடையலாம். வழி நெடுகிலும் பசும்புற்றரைகளும், மேயும் பசுக்களும், அப்பிள் தோட்டங்களும் கண்ணுக்குக் குளிர்ச்சி தருகின்றன. சார்த் என்னும் சிற்றாறு நகரினூடே ஓடுகின்றது. ஆரவாரமற்ற ஊர். யாத்திரிகரின் பெருங்கூட்டம் லிசியேக்குச் செல்கின்றதேயன்றி இங்கு வருவதில்லை. ஆயினும் கதை தொடங்கும் இடம் இதுவே.

அலன்சோன் தன் றேந்தையினாற் புகழ்பெற்றது. நமது தென்கரையிலே, காலி, வெலிகாமப் பகுதிகளிலே, சிறு கட்டைகளில் நூலைச் சுற்றிப் பெண்கள் றேந்தை பின்னுவதை நம்மிற் பலர் கண்டிருப்போம். அலன்சோன் றேந்தையோ கட்டைகளால் அன்றி ஊசியொன்றினாலேயே ஆக்கப்படுவது. ஒரு சதுர சென்ரிமீற்றர் றேந்தைக்கு ஏறத்தாழ 7 மணி நேர வேலை வேண்டுமென்பர். 17ஆம் நூற்றாண்டு முதல் அரசவைகளை அலங்கரித்த இக்கலையை, 2010ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ நிறுவனம் மானிடத்தின் மரபுரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. நகரின் நூதனசாலையிலே அந்த வேலைப்பாட்டை உற்றுநோக்கினோம். இலையும் பூவும் தெரிகின்றன. அவற்றை ஆக்கிய கோடிக்கணக்கான தையல்களோ கண்ணுக்குத் தனித்தனியே புலப்படவில்லை.

இவ்வூரிலே 1853ஆம் ஆண்டில், 22 வயதும் நிரம்பாத ஸெலி என்னும் நங்கை சொந்தமாக றேந்தைத் தொழிலைத் தொடங்கினார். பணிப்பெண்கள் தத்தம் வீடுகளில் இருந்தவாறே வேலை செய்வர். ஒருத்தி ஒரு பகுதியையே ஆக்குவாள். வியாழக்கிழமைகளில் அவர்கள் தம் வேலையைக் கொண்டுவந்து ஒப்படைத்து, புதிய வேலையைப் பெற்றுச் செல்வர். அப்பகுதிகளை எல்லாம் ஒன்று சேர்ப்பதே ஸெலி அம்மையார் தமக்கென வைத்துக்கொண்ட வேலை. சேர்த்த இடம் தெரியாமற் சேர்க்க வேண்டும். தையல் வெளியே தெரிந்தால் றேந்தை பழுது. கண்ணுக்குத் தெரியாமற் செய்வதே இத்தொழிலின் திறமை. இவ்வம்மையாரே பின்னாளிற் சின்னத் திரேசம்மாளின் அன்னையானார்.

மடங்கள் ஏற்க மறுத்த இருவர்

ஸெலி முதலில் இல்லறத்தை நாடியவரல்லர். இவ்வூர் வைத்தியசாலையிலே நோயாளருக்குத் தொண்டு செய்த கன்னியர் சபையிற் சேர விரும்பினார். தலைவியார் அவரை ஏற்கவில்லை. அதே ஊரின் வேறொரு வீதியில் லூயி மார்ட்டின் என்பவர் மணிக்கூடுகள் திருத்தும் கடை வைத்திருந்தார். அவரும் இளமையில் அல்ப்ஸ் மலையிலுள்ள பெரிய பேர்நாட் மடத்தின் கதவைத் தட்டியவரே. இலத்தீன் மொழி அறியாமையால் அக்கதவும் திறக்கவில்லை. மடத்துக்கு ஆகாதவர் என்று திருப்பப்பட்ட இவ்விருவரும் 1858ஆம் ஆண்டு ஆடி மாதம் 13ஆந் திகதி, அக்கால வழக்கப்படி நள்ளிரவிலே, நகர் நடுவிலுள்ள மாதா கோவிலில் விவாகஞ் செய்துகொண்டனர். அக்கோவில் இன்றும் நிற்கின்றது.

இவர்கள் இல்லறத்தை மடத்துக்கு ஈடான மாற்றுப் பொருளாகக் கருதி, மனக்குறையோடு வாழ்ந்தவர்களல்லர். விடியற்காலையில் 5.30 மணிப் பூசைக்கு இருவரும் செல்வர். பின்னர் வீட்டுக்கு வந்து வேலையைத் தொடங்குவர். ஞாயிற்றுக்கிழமைகளிலே கிராமத்து மக்கள் நகருக்கு வந்து நகை வாங்குவது வழக்கம். அன்று கடையைப் பூட்டி வைத்தால் நட்டமென்று நண்பர்கள் எடுத்துரைத்தும் லூயி திறக்க இசையவில்லை. ஓய்ந்த பொழுதில் மீன் பிடிப்பார். பிடித்த மீனை ஏழைக் கிளாரா மடத்துக் கன்னியருக்கு அனுப்புவார். பின்னர் 1870ஆம் ஆண்டில் தம் கடையை மருமகன் முறையானவருக்கு விற்று, மனைவியின் தொழிலுக்குத் துணையானார். மனைவியின் தொழிலைத் தம் தொழிலிலும் மேலாக மதிக்கக் கணவர் தயங்காதது அக்காலத்துக்கு அரியதொரு செய்தியன்றோ?

சேன் பிளேஸ் வீதியிலே, மாவட்ட அதிபரின் மாளிகைக்கு எதிரே, செங்கல்லாலான அவர்களது வீடு பாதுகாக்கப்பட்டுள்ளது. 1873ஆம் ஆண்டு தை மாதம் 2ஆந் திகதி திரேசம்மாள் பிறந்த அறையும், பணிப்பெண்கள் வியாழன்தோறும் வந்து சென்ற இடமும் இவ்வீட்டினுள்ளே உள்ளன. பளிங்கு மண்டபத்தை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாற்றமடைவர். இது வேலை நடந்த வீடு.

அந்த வேலை இலகுவானதன்று. ஸெலி அம்மையார் தம் தம்பியாருக்கும் மைத்துனிக்கும் பெண்மக்களுக்கும் எழுதிய இருநூறுக்கு மேற்பட்ட கடிதங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றிலே தத்துவம் குறைவு. பிள்ளைகளின் இருமல், வாடிக்கையாளரின் அவசரம், பணிப்பெண்களின் தட்டுப்பாடு, நித்திரையின்மை ஆகியனவே மிகுதி. வேலை மிகுந்தால் அடிமைப்பாடு, வேலை குறைந்தால் கவலை என்று அவர் வெளிப்படையாகவே சலித்துக்கொள்கின்றார். புனித நிலையை அடைய விரும்புவதையும், அது தமக்கு எளிதன்று என்பதையும் ஒருங்கே எழுதுகின்றார். ஒன்பது மக்களுள் நால்வரைச் சிறு வயதிலேயே மண்ணுக்கு ஈந்தார். அவர்களுள் இருவர் ஆண் மகவுகள்.

இத்தனை சுமைக்கிடையிலும் அவர் அயலாரை மறந்தாரல்லர். கன்னியர் போல் வேடம் பூண்ட இரு பெண்கள் ஒரு சிறுமியைத் துன்புறுத்துவதை அறிந்தபோது, தமக்கேன் வம்பென்று ஒதுங்காமல் பொலிசாரிடம் சென்று முறையிட்டு அச்சிறுமிக்காகப் போராடினார். சாந்தமான வாழ்வென்பது அநீதியைக் கண்டும் வாய்மூடியிருப்பதன்று என்பதற்கு இதுவே சான்று.

மார்பிற் புற்றுநோய் முற்றியபோது, 1877ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், மூத்த பெண்மக்கள் மூவரையும் அழைத்துக்கொண்டு லூர்து மாதாவிடம் யாத்திரை சென்றார். புதுமை நிகழவில்லை. குணமடையாமலே திரும்பி, அவ்வாண்டு ஆவணி 28ஆந் திகதி 45ஆம் வயதில் உயிர் நீத்தார். இளைய மகள் திரேசாவுக்கு அப்போது நாலரை வயது.

மாடிப்படியிலே நிகழ்ந்த புதுமை

தாயை இழந்த ஐந்து பெண்மக்களோடும் லூயி மார்ட்டின் அதே ஆண்டு கார்த்திகையில் லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ஸெலியின் தம்பியார் மருந்துச்சாலை நடத்தி வந்தமையால், பிள்ளைகளுக்கு மாமன் மாமியின் ஆதரவு கிடைக்குமென எண்ணினார். அலன்சோனிலிருந்து லிசியே ஏறத்தாழ 90 கிலோமீற்றர் வடக்கே உள்ளது. பாரிசிலிருந்து நேரே வருவோர் சேன் லசார் நிலையத்திற் புகையிரதம் ஏறி ஏறத்தாழ 2 மணி நேரத்தில் இங்கு சேரலாம்.

நகரின் ஓரத்தே, சற்று மேட்டு நிலத்தில், தோட்டஞ் சூழ்ந்த வீடொன்று உள்ளது. அதன் பெயர் பூய்ஸொனே. திரேசா தன் நாலரை வயது முதல் 15 வயது வரை வாழ்ந்த வீடு. அவளுடைய விளையாட்டுப் பொருள்களையும், குடும்பத்தார் அமர்ந்துண்ட சாப்பாட்டறையையும் இங்கே கண்டோம். குழந்தைகளோடு வந்திருந்த தாய்மார் விளையாட்டுப் பொருள்களைச் சுட்டிக்காட்டிப் பேசிக்கொண்டிருந்தனர். நம் கண்களோ மாடிப்படியையே நாடின.

1886ஆம் ஆண்டு நத்தார் இரவு. திரேசாவுக்கு 14 வயது நிறையச் சில தினங்களே இருந்தன. வீட்டின் செல்லப்பிள்ளை, தொட்டதற்கெல்லாம் கண்ணீர் விடுபவள், அழுததற்காகவும் மறுபடி அழுபவள். நள்ளிரவுப் பூசை முடிந்து அனைவரும் வீடு திரும்பினர். சிறு பிள்ளைகளின் சப்பாத்துகளிற் பரிசுப் பொருள்களை இட்டுக் கணப்பின் அருகே வைப்பது அந்நாட்டு வழக்கம். களைத்திருந்த தந்தையார் அதைக் கண்டு, இவ்வளவு வளர்ந்த பிள்ளைக்கு இன்னும் இந்த விளையாட்டா, நல்லவேளை இது கடைசி ஆண்டு என்ற பொருள்படச் சலித்துக்கொண்டார். மாடிப்படியேறிக்கொண்டிருந்த திரேசாவின் செவியில் அச்சொல் விழுந்தது. கண்கள் நிறைந்தன. அக்காள் செலீன், இப்போது கீழே போகவேண்டாமென்று தடுத்தாள்.

திரேசா கண்ணீரை விழுங்கிக்கொண்டு இறங்கிச் சென்றாள். ஒன்றும் கேளாதவள் போலச் சப்பாத்துகளை எடுத்துத் தந்தையின் முன் வைத்து, ஒவ்வொரு பரிசாக எடுத்து மகிழ்ந்தாள். தந்தையாரின் சலிப்பு மறைந்து சிரிப்பு மலர்ந்தது. நிகழ்ந்தது இவ்வளவே. இதனையே தம் மனமாற்றத்தின் இரவென்று பின்னர் அவர் எழுதி வைத்தார். வானத்திலிருந்து ஒளி வீசவில்லை, குரலொன்றும் கேட்கவில்லை. களைத்துப்போன தகப்பனின் முகம் வாடக்கூடாதென்று ஒரு சிறுமி தன் அழுகையை அடக்கினாள். தன்னை மறந்து பிறரை மகிழ்விக்கும் வலிமையை அந்த நொடியிலே இறைவன் தனக்குத் தந்தாரென்று அவள் உணர்ந்தாள். எத்தனை வீடுகளில், எத்தனை மாடிப்படிகளில், இத்தகைய நொடிகள் நம்மைக் கடந்து செல்கின்றன!

மதிலுக்கு அப்பால்

1888ஆம் ஆண்டு சித்திரை 9ஆந் திகதி திரேசா லிசியேயின் கார்மேல் மடத்துட் புகுந்தார். அம்மடம் இன்றும் கன்னியர் வாழும் அடைபட்ட மடமே. யாத்திரிகர் சிற்றாலயத்தில் அவருடைய திருப்பண்டங்கள் உள்ள பேழையின் முன் முழந்தாட்படியிடலாம். அதற்கு அப்பால் மதில். அவர் ஆடை தோய்த்த இடமும், கூட்டிப் பெருக்கிய போசனசாலையும், குளிரில் நடுங்கிய அறையும் அம்மதிலுக்கு உள்ளே உள்ளன. லிசியேயிலே காணத்தக்கவற்றுள் முதன்மையானது காணமுடியாத இடத்தில் இருக்கின்றது என்று கூறுவது மிகையாகாது.

மடத்தினுள் நிகழ்ந்தவற்றை அவரே எழுதியிராவிடில் நாம் அறிந்திருக்க மாட்டோம். தலைவியாராயிருந்த தமக்கை போலின் கட்டளையிட்டதனால், 1895ஆம் ஆண்டிலே ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் தம் நினைவுகளை எழுதத் தொடங்கினார். அவர் இறந்து ஓராண்டு நிறைந்த 1898ஆம் ஆண்டு புரட்டாதி 30ஆந் திகதி, அந்நினைவுகள் ஓர் ஆன்மாவின் வரலாறு என்னும் நூலாக 2,000 பிரதிகள் அச்சாயின. பின்னர் அது உலகின் மொழிகள் பலவற்றிற் பரவியது.

அந்நூலிற் காணப்படும் நிகழ்ச்சிகள் எவை? தியான வேளையில் பின்னாலிருந்த சகோதரி ஒருவர் இரு சிப்பிகளை உரசினாற்போல ஓயாது ஓசை எழுப்புவார். திரும்பிப் பார்த்து முகஞ் சுளித்தால் ஓசை நின்றுவிடும். திரேசம்மாள் வியர்வை அரும்பப் பொறுத்து, இறுதியில் அவ்வோசையையே இனிய இசையாகப் பாவித்து இறைவனுக்கு ஒப்புக்கொடுத்தார். ஆடை தோய்க்கும் வேளையில் எதிரே நின்ற சகோதரி அழுக்கு நீரை அவர் முகத்திலே தெறிக்கச் செய்வார். ஒதுங்கிக்கொள்ள எழுந்த எண்ணத்தை அடக்கி நின்றார். சொல்லும் செயலும் யாவும் அவருக்கு வெறுப்பூட்டிய ஒரு சகோதரி இருந்தார். அவரைக் காணும்போதெல்லாம் மனத்துள் அவருக்காகச் செபித்து, முகத்திலே புன்னகை காட்டினார். தம்மிடம் அவ்வளவு கவர்ச்சியாக எதைக் கண்டீரென்று அந்தச் சகோதரியே ஒருநாள் வினவினாராம்! நடக்கவியலாத முதிய சகோதரி ஒருவரை நாள்தோறும் மாலையிற் போசனசாலைக்குக் கைப்பிடித்து அழைத்துச் சென்றார். முதியவரோ விரைந்தாலும் குறை கூறுவார், மெதுவாகச் சென்றாலும் குறை கூறுவார்.

வாசிப்போர் நகைக்கக்கூடும். இவையும் தவமோ? ஆனால் ஒரே வீட்டிலே மாமியும் மருமகளும், ஒரே வகுப்பிலே இரு மாணவரும், ஒரே கந்தோரிலே இரு எழுதுவினைஞரும் படும் பாட்டை அறிந்தவர்கள் நகையார். பசியைப் பொறுப்பவருண்டு, பக்கத்திலிருப்பவரின் இருமலைப் பொறுப்பவர் அரியர்.

மற்றுமொன்று கவனிக்கத்தக்கது. இப்புண்ணியவதி செபத்தில் எந்நேரமும் பரவசமடைந்தவரல்லர். தியான வேளையிலே உறக்கம் அவரை ஆட்கொண்டது. ஏழாண்டுகளாக அவ்வாறு நிகழ்ந்ததென அவரே எழுதியுள்ளார். பெற்றோர் விழித்திருக்கும் பிள்ளையைப் போலவே உறங்கும் பிள்ளையையும் நேசிப்பரன்றோ என்று எண்ணித் தேறினார். இரவு செபமாலையின் நடுவே கண்ணயரும் தாய்மாருக்கு இதைவிட ஆறுதல் வேறில்லை. இறுதி ஒன்றரையாண்டிலோ அவர் உள்ளத்தில் காரிருள் சூழ்ந்தது. மோட்சமென்று ஒன்று இல்லையோ என்னும் சோதனை அவரை வாட்டியது. உணர்ச்சி வற்றியபோதும் அன்பின் செயல்களை அவர் நிறுத்தவில்லை. 1897ஆம் ஆண்டு புரட்டாதி 30ஆந் திகதி சயரோகம் அவர் மூச்சை நிறுத்தியது.

பெரிய தபசுகளின் செங்குத்தான ஏணியில் ஏறத் தமக்கு வலிமையில்லை என்றுணர்ந்த அவர், செல்வர் வீடுகளிலே அக்காலத்தில் புதிதாக வந்த மின்தூக்கியை உவமையாக்கினார். சேசுவின் கரங்களே தம்மைத் தூக்கும் கருவி. அதற்குத் தாம் வளரத் தேவையில்லை, சிறியவராகவே இருந்தாற் போதும். இதுவே அவர் கண்ட சிறிய வழி. முயற்சி வேண்டாமென்பது இதன் பொருளன்று. முயற்சி நம்முடையது, உயர்த்துவது அவருடையது என்பதே பொருள்.

குன்றின்மேற் கோபுரம்

லிசியேக்கு வருவோர் கண்களை முதலிற் கவர்வது குன்றின்மேல் வெண்ணிறமாய் எழுந்து நிற்கும் பேராலயமே. 1925ஆம் ஆண்டு வைகாசி 17ஆந் திகதி 11ஆம் பத்திநாதர் பாப்பரசர் திரேசம்மாளை அர்ச்சிஷ்டவர்களின் வரிசையிற் சேர்த்தார். மடத்தை விட்டு வெளியேறாத அவரை 1927ஆம் ஆண்டிலே புனித சவேரியாருடன் வேதபோதக நாடுகளின் பாதுகாவலியாகவும் அறிவித்தார். 1929இல் தொடங்கிய ஆலய வேலை நீண்டகாலம் நடைபெற்று, 1954ஆம் ஆண்டு ஆடி 11ஆந் திகதி அபிஷேகம் நிகழ்ந்தது.

இடையே போர் வந்தது. 1944ஆம் ஆண்டு ஆனியில் நேசநாட்டுப் படைகள் நோர்மண்டிக் கரையில் இறங்கியபோது, குண்டுவீச்சினால் லிசியே நகரின் பெரும்பகுதி அழிந்தது. மடம் தப்பியது. கன்னியர்கள் மதிலை விட்டு வெளியேறி, இப்பேராலயத்தின் நிலக்கீழ்க் கோவிலிலே தஞ்சம் புகுந்தனர். குண்டு விழும் வேளையில் ஆலயத்தைத் தேடி ஓடிய நினைவு நம் மக்களுக்கும் புதிதன்று. அந்நிலக்கீழ்க் கோவிலில் நின்றபோது, சித்திரவேலைப்பாடு நிறைந்த அச்சுவர்களிலும் அங்கே பசியோடும் அச்சத்தோடும் இரவுகளைக் கழித்த மக்களே நம் எண்ணத்தை நிறைத்தனர்.

பேராலயம் அழகியதே, நன்றியின் அடையாளமுமாகும். ஆயினும், கோபுரத்தை அண்ணாந்து நோக்குபவர் புனிதமென்பது இவ்வளவு உயரத்தில் இருப்பதென்று மயங்கிவிடக் கூடாது. அது உருவானது சவர்க்கார நுரை படிந்த கற்களின் அருகேயாகும்.

மும்முறை தோற்றவள்

லிசியேயிலிருந்து மேற்கே புகையிரதத்தில் அரை மணி நேரந் தொலைவில் கான் நகர் உள்ளது. யாத்திரிகரிற் பலர் இங்கு வருவதில்லை. வந்தோமானால் இரு நினைவுகள் நம்மைச் சந்திக்கின்றன.

ஒன்று, தந்தையார் லூயியின் நினைவு. மக்கள் நால்வரை மண்ணுக்கும், பின்னர் பெண்மக்களை ஒருவர்பின் ஒருவராக மடத்துக்கும் ஈந்த அவரை முதுமையில் மனநோய் பற்றியது. 1889 முதல் 1892 வரை மூன்றாண்டுகளுக்கு மேலாக இந்நகரிலிருந்த மனநோய் வைத்தியசாலையில் வாழ்ந்தார். இளைய மகளை மடத்துக்கு அனுப்பியதே காரணமென்று ஊர் பேசியது. நோயை இழுக்காகக் கருதும் உலகம் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. அந்த மனிதரையே திருச்சபை பின்னர் புனிதரென வணங்கியது.

மற்றையது, மூன்றாம் மகள் லியோனியின் நினைவு. அவள் குடும்பத்தின் கவலைப்பிள்ளை. நோயாளி, படிப்பில் மந்தம், அடம்பிடிப்பவள். பாடசாலையில் நிலைக்கவில்லை. வீட்டுப் பணிப்பெண் அவளை மறைவாக அச்சுறுத்தி ஆட்டிவைத்ததைத் தாயார் தம் இறுதி மாதங்களிலேயே கண்டறிந்தார். சகோதரிகள் நால்வரும் கார்மேலில் நிலைபெற, லியோனியோ மடம் புகுந்து மும்முறை வெளியேறினாள். ஊராரின் பேச்சு எவ்வாறிருந்திருக்கும் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம். தங்கை திரேசா இறந்தபின், 1899ஆம் ஆண்டிலே, தனது 35ஆம் வயதில், கான் நகரின் விசித்தாசியோன் மடத்தில் நான்காம் முறையாகப் புகுந்தாள். இம்முறை நிலைத்தாள். 1941ஆம் ஆண்டில் இறக்கும்வரை அங்கே எளிய பணிகளைச் செய்து வாழ்ந்தாள். அவளது கல்லறை அம்மடத்திலேயே உள்ளது. 2015ஆம் ஆண்டில் அவளுக்கு முத்திப்பேறு பட்டம் அளிப்பதற்கான விசாரணை தொடங்கப்பெற்றது.

பரீட்சையிற் தோற்றுத் தலைகுனிந்த மாணவர்களும், தம் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போல் இல்லையே என்று ஏங்கும் பெற்றோர்களும் இக்கல்லறையை நினைவிற் கொள்வாராக. திரேசாவின் சிறிய வழியை முதலிற் கற்றுத் தேர்ந்த மாணவி, வகுப்பிலே கடைசியாக இருந்த லியோனியே என்று கூறலாம்.

நமக்கு உரியது

அலன்சோனில் மடங்கள் ஏற்க மறுத்த அந்தத் தம்பதியரை 2015ஆம் ஆண்டு ஐப்பசி 18ஆந் திகதி பிரான்சிஸ் பாப்பரசர் உரோமாபுரியிலே ஒருங்கே புனிதராக உயர்த்தினார். கணவனும் மனைவியும் ஒரே வேளையில் தம்பதியராகவே அர்ச்சிஷ்ட பட்டம் பெற்றது அதுவே முதன்முறை. அவர்களின் இளைய மகளையோ 1997ஆம் ஆண்டிலே 2ஆம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் திருச்சபையின் மறைவல்லுநர் வரிசையிற் சேர்த்திருந்தார். பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதிய பெண், பேரறிஞர் அகுஸ்தீனாருக்கும் தோமாசு அக்குவினாருக்கும் அருகே ஆசனம் பெற்றார்.

இஃது ஒரு குடும்பத்தின் பெருமை மட்டுமன்று. 1964ஆம் ஆண்டிலே இரண்டாம் வத்திக்கான் சங்கம், எந்நிலையிலுள்ள விசுவாசியும் முழுமையான புனிதத்துக்கு அழைக்கப்பட்டவரே என்று தெளிவாகப் போதித்தது. 2018ஆம் ஆண்டில் பிரான்சிஸ் பாப்பரசர் எழுதிய மடலொன்றிலே, சந்தைக்குச் செல்லும் ஒரு பெண்ணை எடுத்துக்காட்டாகக் கூறினார். அயலவள் பிறரைப் பற்றிப் புறங்கூறத் தொடங்க, இவள் தான் எவரையும் பழித்துப் பேசுவதில்லையென்று மனத்தில் உறுதி கொள்கின்றாள். வீட்டுக்கு வந்ததும் களைப்பைப் பாராது பிள்ளையின் பேச்சுக்குச் செவிசாய்க்கின்றாள். கவலை வந்தபோது செபமாலையை எடுக்கின்றாள். வீதியிலே ஏழையொருவனைக் கண்டு நின்று அன்பாய் ஒரு வார்த்தை பேசுகின்றாள். இப்படிகளே அவளது ஏணி.

நம் ஊர்களில் இப்படிகளுக்குக் குறைவுண்டோ? கூலியாளுக்கு அன்றைய கூலியை அன்றே கொடுத்தல். தராசைச் சரியாகப் பிடித்தல். விளங்காத பாடத்தை நண்பனுக்கு முகஞ் சுளிக்காமல் மறுமுறையும் சொல்லிக் கொடுத்தல். ஒரே கதையை நூறாம் முறை கூறும் பாட்டனாருக்கு முதன்முறை கேட்பவர் போலச் செவிகொடுத்தல். அயலில் பிள்ளையொன்று துன்புறுத்தப்படுவதை அறிந்தால் வாய் திறத்தல். சண்டைக்குப்பின் முதலிற் பேசுதல். இவற்றைச் செய்வதற்குப் பொருளோ கல்வியோ தனியான நேரமோ வேண்டியதில்லை. ஆனால் எவரும் பாராட்டாத வேளையிலும், மனம் வறண்ட வேளையிலும், மறுபடியும் மறுபடியும் செய்தல் வேண்டும். சிறிய வழி என்பது அதனாலேயே இலகுவான வழியன்று. இடையே தவறினால் திகைக்கவும் வேண்டியதில்லை. லியோனி நான்காம் முறையும் கதவைத் தட்டினாள்.

அலன்சோன் றேந்தையிலே ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 7 மணி நேரம் என்றோம். அத்தனை தையல்களில் எந்த ஒன்று அழகைத் தந்ததென்று எவராலும் கூறவியலாது. ஒன்றை விட்டாலும் பூ முழுமையடையாது. இன்று நம் கைக்கு வந்துள்ள ஒரு தையலை அன்போடு இடுவோமாயின், அதனைச் சேர்க்கவேண்டிய இடத்திலே சேர்ப்பவர் இறைவன்.